சிவப்பாக இருந்தால் புதிய இறைச்சியா?

பேரங்காடியின் குளிர்ப்பெட்டியில் இரண்டு ஆட்டிறைச்சிப் பொட்டலங்கள். தட்டில் அடுக்கப்பட்ட ஒன்று பளிச்சென்ற சிவப்பு. காற்று உறிஞ்சப்பட்டு, பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்ட மற்றது கருஞ்சிவப்பு. பெரும்பாலோரின் கை முதலாவதை நோக்கித்தான் நீளும்.

ஈரச்சந்தையில் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து வாங்கியவர்களுக்குப் பொட்டலத்தில் மிஞ்சுவது நிறம் மட்டுமே. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, இங்கு அன்றாடம் வெட்டப்பட்ட கோழிக்குப் பதிலாகக் குளிரூட்டப்பட்ட, உறைந்த கோழிக்குப் பல குடும்பங்கள் மாற வேண்டியிருந்தது. 90 விழுக்காட்டுக்கும் அதிகமான உணவை இறக்குமதி செய்யும் சிங்கப்பூரில் பொட்டல இறைச்சியைத் தவிர்ப்பது கடினம்.

ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியின் நிறத்துக்குக் காரணம் மயோகுளோபின் என்னும் புரதம். உயிர்வாயு பட்டால் அது சிவக்கும். படாவிட்டால் ஊதா கலந்து கறுக்கும். வெற்றிடப் பொட்டலத்தைப் பிரித்து அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சிவப்பு திரும்பிவிடும். ஆக, கறுத்திருப்பது கெட்டுப்போனதற்கு அடையாளமன்று.

பளிச்சென்ற தட்டுகள் பலவற்றில் 70 முதல் 80 விழுக்காடு உயிர்வாயுவும் மீதம் கரியமில வாயுவும் நிரப்பப்படுகின்றன. கரியமில வாயு கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. உயிர்வாயு நிறத்தைக் காக்கிறது, ஆனால் கொழுப்பைச் சிக்கடிக்க வைக்கிறது. இறைச்சியும் சற்றுக் கடினமாகிறது.

அதைவிடக் கவலைக்குரியது சமையலில் தெரியும். இவ்வாறு அடைக்கப்பட்ட கொத்திறைச்சி, உள்ளே போதிய சூடேறும் முன்பே பழுப்பாகி, வெந்ததுபோல் தோன்றும். ஈகோலை போன்ற கிருமிகள் சாக உட்பகுதி சுமார் 71 டிகிரி செல்சியசை எட்ட வேண்டும். குக்கரில் வேகும் கறிக்குழம்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. கல்லில் வாட்டும் கபாப், பர்கருக்கு உண்டு.

வெற்றிடப் பொட்டலமும் குறையற்றதன்று. பிரித்ததும் புளித்த வாடை வரலாம்; சில நிமிடங்களில் அது போய்விட வேண்டும், போகாவிட்டால் சமைக்கக்கூடாது. லிஸ்டீரியா கிருமி காற்றில்லாமலும் குளிரிலும் வளரும் என்பதால், 4 டிகிரிக்குக் கீழ் வைத்திருப்பதும் காலாவதித் தேதியும் முக்கியம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், பாதுகாப்பு வாயுவில் அடைக்கப்பட்ட உணவின் பொட்டலத்தில் அதைக் குறிப்பிடுவது கட்டாயம். ஆனால், எந்த வாயு, எவ்வளவு என்பதை அந்த வரியும் சொல்வதில்லை.