முப்பதடி டியூப்



குளித்து முடித்த பிறகு பாத்ரூம் மூலையில் தேங்கி நிற்கும் தண்ணீரைத் தள்ளிவிடும் வேலை உங்கள் வீட்டில் யாருடையது? எங்கள் வீட்டில் அம்மாவுடையது. அவுட்லெட் ஒரு மூலையில் இருக்க, தண்ணீர் எதிர் மூலையில் நிற்கும். வீடு கட்டியதிலிருந்து 15 வருஷமாக அப்படித்தான். ஒரு நாள் அந்த ஈரத்தில் அம்மாவே வழுக்கி விழுந்தார். கையில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அதன் பிறகுதான் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட முடிவு செய்தோம்.

வேலைக்கு வந்த பெரியவர் சம்மட்டியைத் தொடவே இல்லை. பையிலிருந்து சுருட்டி வைத்த ஒரு பிளாஸ்டிக் டியூபை எடுத்தார். உள்ளே தண்ணீர். "இந்த முனையைப் பிடிங்கம்மா, பழைய தரை எப்படி இருக்குன்னு பார்த்துடலாம்" என்றார். ஐந்தே நிமிஷம். அவுட்லெட் இருந்த இடம், தண்ணீர் நின்ற மூலையைவிட 3 நூல் உயரம்!

கொத்தனார் கணக்கில் 8 நூல் ஓர் அங்குலம். அரை அங்குலம்கூட இல்லாத ஒரு பிசகுக்காக அம்மா 15 வருஷம் துடைப்பம் பிடித்திருக்கிறார்.

அந்த டியூபைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன். கட்டட வேலைக்காரர்கள் டியூப் லெவல் என்பார்கள். தண்ணீர் எப்போதும் மட்டத்தில்தான் நிற்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான் இதன் முழு சூட்சுமம்.

ஹார்டுவேர் கடையில், உள்ளே தண்ணீர் தெரிகிற டியூப் என்று கேட்டு, சுண்டுவிரல் பருமனில் 30 அடி வாங்குங்கள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்தால் மட்டம் பளிச்சென்று தெரியும். வாளியை ஸ்டூல் மேல் வைத்து, ஒரு முனையைத் தண்ணீரில் முக்கி, மறுமுனையைத் தாழ்த்தி வாயால் உறிஞ்சினால் தண்ணீர் தானாக இறங்கி வரும். இரண்டு முனையிலும் ஒரு முழம் காலியாக இருக்கட்டும்.

உள்ளே காற்றுக் குமிழி இருக்கவே கூடாது. இருந்தால் மட்டம் பொய் சொல்லும். விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலே ஏற்றி வெளியேற்றுங்கள். பிறகு இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் உங்கள் கருவி தயார். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். நடக்கும்போது முனைகளைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ளலாம். அளக்கும்போது இரண்டுமே திறந்திருக்க வேண்டும்.

எப்படி அளப்பது? பாத்ரூம் வாசல் பக்கச் சுவரில் தரையிலிருந்து 36 அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு. தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்படி ஒருவர் பிடிக்க, மற்றவர் டியூபின் மறுமுனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தபடி ஒவ்வொரு மூலையாகப் போய், தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட வேண்டும். எல்லாக் கோடுகளும் இப்போது ஒரே மட்டம். அவற்றிலிருந்து கீழே தரை வரை டேப் பிடியுங்கள். எங்கே அளவு அதிகமோ அங்கே பள்ளம். அவுட்லெட் பக்கம்தான் அதிக அளவு வர வேண்டும். அடிக்கு ஒரு நூல் வாட்டம் என்று வைத்துக்கொண்டால், வாசலிலிருந்து 8 அடி தள்ளி இருக்கும் அவுட்லெட்டில் 37 அங்குலம் காட்டும். அவ்வளவுதான் கணக்கு.

ரசமட்டம் இருக்கிறதே என்பீர்கள். கைக்கு அடக்கமான சிறிய ரசமட்டத்தை நீளமான இடத்தில் நகர்த்தி நகர்த்தி வைத்தால், சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்துகொள்ளும். லேசர் லெவல் நல்ல கருவிதான். ஆனால் ஒரு பாத்ரூமுக்காக யார் வாங்குவது? டியூபுக்கு இன்னொரு வசதி, சுவர் திரும்பினாலும் அதுவும் கூடவே திரும்பும். ஹாலில் போட்ட கோட்டை அடுத்த அறைக்கு அப்படியே கொண்டுபோகலாம். மொட்டை மாடியிலும் இதே டியூப்தான். ஐப்பசி மழையில் மாடியில் தண்ணீர் நின்று கீழே சீலிங் ஊறுகிற வீடுகள் எத்தனை!

நாம் அளந்து பார்த்தால் கொத்தனார் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. தொழில் தெரிந்தவர் நினைக்க மாட்டார் என்பது என் அனுபவம். அவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் முன்னாலேயே, அவரோடு சேர்ந்தே பார்த்துவிட்டால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

டைல்ஸ் ஒட்டி முடித்தபின் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். அப்போது பள்ளம் தெரிந்து என்ன பயன்? உடைத்தால் டைல்ஸ் காசும் போச்சு, கூலியும் போச்சு. சகித்துக்கொண்டால் தினம் தினம் துடைப்பம். தரைக் கலவை போட்டுச் சமன் செய்த பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் உள்ள அந்த ஒரு நாள்தான் நமக்கு வாய்ப்பு.

எங்கள் பாத்ரூமில் இப்போது தண்ணீர் நிற்பதில்லை. உங்கள் வீட்டில் தரை வேலை நடக்கப்போகிறது என்றால், டைல்ஸ் எடுக்கப் போகும் அன்றே முப்பதடி டியூபும் வாங்கி வாருங்கள். ஒரு முனையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அளந்து பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்