செங்கல் சொல்லாத பெயர்கள்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரில் பழைய கதை இருக்கிறது. 1881இல் முதலில் தீ, பிறகு வெள்ளம். அத்தாப்புக் கூரைக் கோலாலம்பூரின் பெரும்பகுதி அழிந்தது. இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்றார் ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம். இங்கே செங்கல் சூளைகள் எழுந்தன. சூளை வைத்த காப்பித்தான் யாப் குவான் செங் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது.

1886இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடியது. பிறகு பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வந்தன, தமிழர் குடியேறினர். தண்டவாளம் போட்ட நம்மவருக்குச் சாலை எங்கே? பழைய ரயில் முற்றத்தில் இப்போது கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. மிச்சமிருப்பது பெரியவர்களின் நினைவுதான் என்பேன். இந்த வாரமே தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். பெயர், வந்த ஊர், செய்த வேலை: மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.