பலிகடா வெட்டினால் சர்வர் பிழைக்குமா?

மக்களே, தில்லித் தமிழ்க் குடும்பங்களில் எய்ம்ஸ் வரிசையில் நிற்காத வீடு கொஞ்சம்தான். அதனால இது பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம்னு தாண்டிப் போயிடாதீங்க.

2022 நவம்பர் 23. எய்ம்ஸ் சர்வர்கள் ரான்சம்வேரில் படுத்துவிட்டன. ரான்சம்வேர்னா, நம்ம தகவலை நாமே திறக்க முடியாதபடி பூட்டிப் போடுற திருட்டு. சாவி வேணும்னா பணம். 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட். ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் எல்லாம் கிட்டத்தட்ட இரண்டு வாரம் கையால் எழுதித்தான் ஓடியது. பாதிக்கப்படாத பேக்கப் ஒன்று இருந்ததால் தகவல் திரும்பக் கிடைத்தது.

சில நாளிலேயே இரண்டு சிஸ்டம் அனலிஸ்டுகள் சஸ்பெண்ட். பிறகு பாராளுமன்றத்தில் அரசு சொன்ன காரணமோ, நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்கவில்லை என்பது. அதாவது, ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவாமல் தடுக்கச் சுவர் இல்லை. அந்தச் சுவருக்குப் பணமும் ஆளும் உத்தரவும் மேலிருந்துதானே வரணும்?

அந்த இருவர் மேல் தப்பு இருந்ததா இல்லையா என்பது என் வாதம் இல்லை. அதைப் பார்த்த மற்ற ஊழியர்கள் என்ன பாடம் படிப்பார்கள்? "தப்பா ஏதாவது கிளிக் பண்ணிட்டா மூச்சு விடாதே." ஹேக்கருக்கு வேண்டியதும் அதேதான்! உடனே சொன்னால் கேபிளைப் பிடுங்கி ஒரு கம்ப்யூட்டரோடு நிறுத்தலாம். பயந்து மறைத்தால் ஆபீஸே போச்சு.

தில்லி ஆபீஸ்களின் 'சாஹப்' கலாச்சாரம் தெரியுமில்ல? பெரியவர் பேரில் "உடனே அனுப்பு"ன்னு மெயில் வந்தா, நிஜமா அவர்தானான்னு போன் பண்ணிக் கேட்க எவனுக்குத் தைரியம்? திருடன் உடைப்பது பாஸ்வேர்டை இல்லை, இந்தப் பயத்தைத்தான் பயன்படுத்துகிறான். நான் பார்த்த ஓர் ஆபீஸில் சாஹப்பின் பாஸ்வேர்டு பி.ஏ.வுக்கும் தெரியும், பியூனுக்கும் தெரியும். ஆனா பாதுகாப்பு வகுப்பு மட்டும் கீழே இருப்பவர்களுக்கு :-)

விமானத்துறையைப் பாருங்க. அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஓர் ஏற்பாடு நடத்துகிறது. பைலட்டுகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டு, பாடத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறார்கள். வேண்டுமென்றே தவறு செய்தவனை விடச் சொல்லவில்லை. ஓடி வந்து சொன்னவனைத் தண்டிக்காதே என்கிறேன், அவ்வளவுதான்.

நம்ம வீட்டிலும் இதே கதைதான். ஊரில் அப்பா எவனுக்கோ ஓடிபி சொல்லிவிட்டு, பையன் திட்டுவானே என்று இரண்டு நாள் மறைக்கிறார். பாங்கில் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டிய பணம் அதற்குள் போய்விடுகிறது. இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்க: "எது நடந்தாலும் உடனே சொல்லுங்கப்பா, திட்ட மாட்டேன்." சொன்னபடி திட்டாமலும் இருங்க.