தங்கத்துக்கு மறுநாள்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனா முனை பட்ட அடையாளம் போன்ற அந்தப் புள்ளியை 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் குறிபார்த்தார் அபினவ் பிந்த்ரா. வயது 25. இறுதிச் சுற்றின் கடைசிக் குண்டுக்கு முன்பு அவரும் பின்லாந்தின் ஹென்றி ஹக்கினனும் ஒரே புள்ளிகளில் நின்றனர். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளிகள். பிந்த்ராவுக்குக் கிடைத்தது 10.8. ஹக்கினன் 9.7 எடுத்து வெண்கலத்துக்கு இறங்கினார். ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுதான்.

நாடு கொண்டாடியது. மாலைகள், பரிசுத் தொகைகள், பாராட்டு விழாக்கள். கொண்டாடப்பட்டவர் மட்டும் உள்ளுக்குள் வெறுமையாக இருந்தார். இதைப் பின்னாளில் பகிரங்கமாகச் சொன்னவரும் அவரேதான். சிறு வயதிலிருந்து ஒரே குறிக்கோள். அது கையில் வந்துவிட்டது. இனி எதற்காகத் துப்பாக்கியைத் தூக்குவது?

தோல்வி மனிதனை முடக்கிப் போடும் என்பது ஊரறிந்த விஷயம். வெற்றியும் அதையே செய்யும் என்பதை இந்திய வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பிளஸ் டூ மதிப்பெண், கல்லூரி சீட், உத்தியோகம் என்று படிப்படியாக ஏற்றிவிடப்படும் பிள்ளை, கடைசிப் படியில் நின்று திருதிருவென்று விழிப்பது புதிய காட்சி அல்ல. ஏறுவதில் ஒரு ருசி இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பிந்த்ராவின் கதையில் இந்த ருசிக்கான தடயம் பெய்ஜிங்குக்கு முன்பே தெரிகிறது. 2004 ஏதென்ஸில் தகுதிச் சுற்றில் 600க்கு 597 எடுத்து மூன்றாவது இடத்தில் இறுதிக்குப் போனவர், ஏழாவதாக முடித்தார். தான் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஓடு ஆடக்கூடாதே என்று வேண்டிக்கொள்வதில் பயனில்லை. ஆடும் தரையில் நின்றே சுட்டுப் பழகினார். பெய்ஜிங் அரங்கம் பெரியது என்பதால், பெரிய விழா மண்டபம் ஒன்றில் அதே போன்ற சூழலை அமைத்துப் பயிற்சி செய்தார். அணியும் காலணியிலிருந்து துப்பாக்கிக் கட்டை வரை எதையாவது மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

வீட்டிலேயே சுடுதளம் கட்டித் தரும் அளவுக்கு வசதியான தந்தை அவருக்கு இருந்தார் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் காசு கொடுத்துக் கட்டிய சுடுதளம் யாரையும் காலையில் எழுப்பி விடாது.

பதக்கம் என்பது பக்கத்தில் நிற்கும் ஏழு பேரின் கையிலும் இருக்கிறது. ஹக்கினனின் 9.7ஐ பிந்த்ராவால் சுட முடியாது, தடுக்கவும் முடியாது. அவர் கையில் இருந்தது நிற்கும் நிலை, மூச்சு, விசையை அழுத்தும் விரல். அன்றைய விதிப்படி தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், 105 நிமிடம். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை உயர்த்தி, உடம்பு அசையாமல் அடங்கும்வரை பொறுத்திருந்து, சரியாக வராவிட்டால் சுடாமலே இறக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இறக்கி வைப்பதும் வேலையின் பகுதிதான். இப்படிப்பட்ட சிறிய குறிக்கோளை ஒரே நாளில் அறுபது தடவை எட்டலாம். தவறினாலும் அடுத்த நிமிடமே இன்னொன்று காத்திருக்கும்.

பத்து கிலோ எடை குறைப்பேன் என்று சபதம் செய்பவர், எடை மெஷின் முள் அசையாத மூன்றாவது வாரத்தில் கைவிடுவார். காலை ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டுவேன் என்று மட்டும் வைத்துக்கொள்பவருக்கு தினமும் ஒரு வெற்றி. போகப்போக தெருமுனை டீக்கடையும் வேப்பமர நிழலும் அவரை இழுக்கத் தொடங்கும். எடையை அவர் மறந்தே போகலாம்.

தங்கத்துக்குப் பிறகான ஆண்டுகள் பிந்த்ராவுக்கு எளிதாக இல்லை. 2012 லண்டனில் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். அதே ஆண்டு இஞ்சியான் ஆசியப் போட்டியில் களமிறங்குவதற்கு முந்தைய நாள், தொழில்முறைத் துப்பாக்கி சுடுதலுக்கு முழுக்குப் போடுவதாக அறிவித்தார். இனி வாரம் இரண்டு நாள் பயிற்சி, வெறும் பொழுதுபோக்கு. மறுநாள் தனிநபர் பிரிவில் வெண்கலம், அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம்.

பொழுதுபோக்கு என்று சொன்னவரை அது விடவில்லை. 2016இல் ரியோவுக்குப் போனார். அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக். தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தியவரும் அவர்தான். இறுதிச் சுற்றில் உக்ரைனின் செர்ஹி குலிஷோடு சமநிலை. பதக்க வாய்ப்பு யாருக்கு என்று தீர்மானிக்க ஆளுக்கு ஒரு குண்டு தரப்பட்டது. குலிஷ் 10.5. பிந்த்ரா 10.0. நான்காவது இடம். வெறுங்கையோடு துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தபோது அவருக்கு வயது 33. பெய்ஜிங்கில் தங்கம் வென்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.