பெட்டி தாங்குமா என்று பார்த்து வாங்குவோம்



பருப்பு விலை, எடைக்கல் முத்திரை, ஜி.எஸ்.டி. என்று எழுதிவந்த நாம் இம்முறை கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு பற்றி எழுதுவதைக் கண்டு சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கடைக்கணக்குக்கென்று வாங்கி, பழசானதும் பிள்ளைகள் கைக்குப் போய், இரவில் விளையாட்டு ஓடும் கம்ப்யூட்டர் எத்தனை மளிகைக்காரர் வீட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். "தாத்தா, கார்டு மாத்தணும்" என்ற பேச்சு நம் வீட்டில் வந்தது. நாளை உங்கள் வீட்டிலும் வரும்.

நம் பெட்டி 2017ல் வாங்கியது. 2023ல் பேரன் சொல்லைக் கேட்டு, ஆர்.எக்ஸ். 580 என்ற பழைய கார்டு ஒன்றைப் பில் இல்லாமல் ஏழாயிரம் ரூபாய் ரொக்கத்துக்கு வாங்கினோம். எட்டு ஜி.பி., மலிவு என்று இருவருக்கும் மகிழ்ச்சி. அந்தச் சமயத்தில் பழைய கார்டுகள் மலிந்து கிடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டு ஓட்டிச் சம்பாதிக்கும் முறை 2022 செப்டம்பரில் நின்றுபோயிற்று. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகமெங்கும் சந்தைக்கு வந்து குவிந்தன. அழுகல் வெங்காயத்தை மூட்டை தொட்டே கண்டுபிடிக்கும் நமக்கு இது தெரியாமல் போயிற்று.

அந்தக் கார்டு 185 வாட் வரை மின்சாரம் கேட்கும். நம் பெட்டியில் இருந்ததோ கேபினெட்டுடன் வந்த மலிவான பவர் சப்ளை. விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் பெட்டி பட்டென்று அணைந்துவிடும். ஐப்பசி மழையில் கார்டு அடியோடு நின்றுபோனது. யாரிடம் போய்க் கேட்பது? வாடிக்கையாளரைப் பில் கேட்டு வாங்கச் சொல்லும் நாமே பில் இல்லாமல் வாங்கினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இந்த முறை நாமே பேரனுடன் பஸ் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். ஆன்லைனில் விலை குறைவு என்றான் பேரன். ஆன்லைன் வியாபாரத்தை எதிர்த்து மேடையில் பேசிவிட்டு நாமே அதில் வாங்க முடியுமா? நாலு கடை ஏறி இறங்கியதில் விளங்கிய விஷயம் ஒன்றுதான். கார்டின் பெருமையைக் கேட்குமுன் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று கேட்க வேண்டும். மதர்போர்டின் துவாரம் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் கொடுக்க வேண்டும், அந்தப் பவர் சப்ளையும் தரமானதாக இருக்க வேண்டும்.

பெயரிலும் ஏமாற்றம் உண்டு. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற பெயரில் 2022ல் வந்த எட்டு ஜி.பி. கார்டு 130 வாட் கேட்பது. அதே பெயரில் 2024ல் வந்த ஆறு ஜி.பி. கார்டு 70 வாட்டில் ஓடுவது, வேகமும் சற்றுக் குறைவு. பெயர் ஒன்று, சரக்கு வேறு. ஆர்.எக்ஸ். 6400 என்பதற்கு 53 வாட் போதும். ஆனால் அது மதர்போர்டுடன் பேச நான்கு வழிதான், பழைய போர்டில் அந்த வழியின் வேகமும் பாதியாகிவிடும். ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. இன்னும் பழைய சந்தையில் கிடைக்கிறது. அந்த வரிசைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது.

"பெரிய கார்டா வாங்கிட்டா அடுத்த கம்ப்யூட்டருக்கும் ஆகுமே தாத்தா" என்றான் பேரன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நம் பெட்டியின் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. அந்தப் பிராசசரால் பெரிய கார்டுக்கு ஈடுகொடுக்கவும் முடியாது. அடுத்த பெட்டி வரும்வரை அதிகப் பணத்தை முடக்கி வைப்பது வியாபாரமல்ல. ஆறு ஜி.பி. 3050 கார்டையே வாங்கினோம், பில்லுடன், மூன்று வருட வாரண்டியுடன்.

கடைப் பெயரில் பில் போட்டால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாமே என்ற ஆசை நமக்கும் வந்தது. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கு அந்த வரவு கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. விளையாட்டுக் கார்டைக் கடைக் கணக்கில் ஏற்றி, பிறகு அதிகாரி முன் கைகட்டி நிற்பானேன்? மகன் பெயரில் பில் வாங்கினோம்.

மரக்காணத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உப்பளக் காற்று கடைத் தராசையே அரித்துவிடும், கார்டை விடுமா? விசிறி அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. துருவும் பச்சைக் களிம்பும் ஏறிய கார்டுக்குப் பொதுவாக வாரண்டி கொடுக்க மாட்டார்கள். ஆகவே பெட்டியைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டோம். பழைய கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுமுன், மின்சாரத்தை நிறுத்தி, கார்டைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டிப் பார்க்க வேண்டும். உள்ளூர் மெக்கானிக் இதைச் செய்து, 2017ல் பெட்டியோடு வந்த இரண்டு ஜி.பி. கார்டை உயிர்ப்பித்துக் கொடுத்தார். அது இப்போது கடையின் பில் கம்ப்யூட்டரில் ஓடுகிறது.