அது சத்து ஊசி இல்லை

சில மாதங்களுக்கு முன்னால் அக்கா மகள் போன் செய்தாள். அப்போது அவளுக்கு எட்டாவது மாதம். வலி இல்லை, பனிக்குடம் உடையவில்லை. வழக்கமான செக்கப்புக்குப் போனவளுக்கு ஒரு ஊசி போட்டு, மறுநாளும் வரச் சொல்லியிருக்கிறார்கள். "எதுக்குன்னு கேட்டேன் மாமா, குழந்தைக்கு சத்து ஊசிம்மான்னாங்க."

அன்று இரவே அவளுக்கு சர்க்கரை எகிறியது. பில்லை எடுத்துப் பார்த்தோம். ஸ்டீராய்டு! கர்ப்பகால சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த ஊசி போட்டால் சர்க்கரை ஏறும், கண்காணிக்க வேண்டும். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

நான் பி.காம். டாக்டர்களுக்கு மருத்துவம் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பில் படிக்கத் தெரியும்.

இந்த ஊசி வில்லன் அல்ல. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் விரிய மறுக்கும். அதைச் சீக்கிரம் முதிர வைப்பதுதான் இந்த ஊசியின் வேலை. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற டாக்டர் முதலில் ஆடுகளில் கண்டுபிடித்து, ஹோவி என்ற சக டாக்டருடன் 282 தாய்மார்களிடம் சோதித்து, 1972-ல் வெளியிட்டார். விலை மலிவு. பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. இந்தியா உள்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வும் அதையே உறுதி செய்தது. ஊசி போடாத தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 23.5 இறந்தன, போட்டவர்களிடம் 19.6.

அப்படியானால் எல்லோருக்கும் போட்டுவிடலாமே? அங்கேதான் விஷயம். 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வு, இந்தியா உள்பட ஆறு நாடுகளின் ஊர்ப்புறங்களில் நடந்தது. அங்கே ஊசி போட்ட பலருக்குக் குறைப்பிரசவமே ஆகவில்லை. பரவலாகப் போட்ட பகுதிகளில் ஆயிரத்துக்கு மூன்று நான்கு பச்சிளம் குழந்தைகள் கூடுதலாக இறந்தன. தாய்மார்களிடம் நோய்த்தொற்று சந்தேகமும் அதிகரித்தது.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் நிபந்தனை போடுகிறது. கர்ப்பம் எத்தனை வாரம் என்று சரியாகத் தெரிய வேண்டும். ஒரு வாரத்துக்குள் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பு அதிகமாக இருக்க வேண்டும். தாய்க்குத் தொற்று இருக்கக் கூடாது. குறைமாதக் குழந்தையைக் கவனிக்க வசதி இருக்க வேண்டும்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்பது இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது?

டாக்டர்களே, தேவைப்படுபவருக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன்னால், "இது ஸ்டீராய்டு, இந்தக் காரணத்துக்காகப் போடுகிறோம்" என்று சொல்லுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். தாய்மார்களே, ஊசியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கேள்வி கேட்கவும் பயப்படாதீர்கள். சர்க்கரை இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

அக்கா மகளுக்கு 39-வது வாரத்தில்தான் குழந்தை பிறந்தது. நல்லவேளை, இருவரும் நலம். அந்த ஊசி எதற்கு என்று மட்டும் இன்றுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.