மலைப் புல்வெளியில் புதைந்த குண்டுகள்

ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் வாழும் நமக்கு டாங்கி என்பது புதிய பொருளன்று. விஜயந்தாவும் அர்ஜுனும் உருவான கனரக வாகனத் தொழிற்சாலையின் ஊதியத்தால் நம் இல்லங்கள் பலவற்றில் அடுப்பு எரிந்திருக்கிறது; பிள்ளைகள் கல்வி பெற்றிருக்கின்றனர். படைக்கலம் செய்வதோடு காரியம் முடிவதில்லை. வீரர்கள் சுட்டுப் பழக இடம் வேண்டும். அவ்விடம் எவருடையது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டோ?

காஷ்மீரத்துப் பட்காம் மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் மடியில், ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் தோசமைதான் என்னும் பரந்த புல்வெளி இருக்கிறது. பூஞ்ச் பகுதிக்குச் செல்லும் பழைய கணவாய் வழி அது. கோடையில் இடையர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏறுவர். 1964-ஆம் ஆண்டில் இந்நிலம் பீரங்கிப் பயிற்சிக்காக இராணுவத்திற்கு 50 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. (ஆவடி டாங்கிகள் அங்கே சென்றன என்று நாம் சொல்லவரவில்லை.)

சுடப்படும் குண்டுகள் அனைத்தும் வெடித்துவிடுவதில்லை. இளகிய மண்ணிலும் பனியிலும் விழுந்தவை சில, வெடிக்காமலே புதைந்து கிடக்கும். பனி உருகி ஓடைகள் பெருகும்போது அவை ஊர்ப்பக்கம் அடித்து வரப்படும். இரும்பு விற்றால் நாலு காசு கிடைக்குமே என்று ஏழைகள் பொறுக்கினர். விளையாட்டுப் பொருளென்று குழந்தைகள் எடுத்தனர். இவ்வாறு மாண்டோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். கைகால் இழந்தோரும் பலர். அடிவாரத்துச் சுங்லிபோரா கிராமத்தை 'விதவைகள் ஊர்' என்றே அக்கம்பக்கத்தார் அழைக்கலாயினர்.

எல்லையில் குளிரில் நிற்கும் வீரரை நாம் குறைகூற முற்படவில்லை. பயிற்சியற்ற வீரனைப் போர்முனைக்கு அனுப்புவதும் பாவமே. எனினும், நாட்டின் காவலுக்காகச் செலுத்த வேண்டிய விலையை ஒரு சில மலைக் கிராமத்தார் மட்டுமே செலுத்தி வந்தனர் என்பதை எவ்வாறு மறைப்பது?

அவர்கள் கல்லெடுக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணைகொண்டு விவரங்களைத் திரட்டினர். ஊராட்சித் தலைவர்கள் ஒன்றுகூடிக் குத்தகையைப் புதுப்பிக்கலாகாது என வேண்டினர். 2014 ஏப்ரலில் குத்தகை முடிவுற்றது, புதுப்பிக்கப்படவில்லை. அதற்கு அடுத்த மாதமே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கிடந்த குண்டொன்று வெடித்து மாண்டாள். பின்னர் இராணுவமே புல்வெளியைத் துழாவிக் குண்டுகளை அகற்றியது. 2016-இல் பயணிகளுக்கு வழி திறக்கப்பட்டது. மலையேறும் இளைஞர்கள் அதன்பின் கூடாரத்தோடு அங்கே செல்லலாயினர்.

வாள் கலப்பைக் கொழுவாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கண்டார். தோசமைதானில் வாளை முதலில் மண்ணிலிருந்து தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. அப்பணி முற்றுப்பெற்றதாகவும் தோன்றவில்லை. 2018-இலும் அங்கு ஓர் இளைஞரின் உயிர் போயிற்று.

கல்லூரித் தோழரோடு காஷ்மீர மலைக்குச் செல்லும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் உண்டு. உள்ளூர் வழிகாட்டியை விட்டு அகலாதே, கிடக்கும் இரும்பைத் தொடாதே என்று பெற்றோர் சொல்லி அனுப்புக. இம்மாதக் குடும்ப செபமாலையில் ஒரு பத்து மணியைச் சுங்லிபோராவின் தாய்மார்க்காக ஒப்புக்கொடுக்கவும் வேண்டுகிறோம். அவர்கள் இசுலாமியர், நம் அண்டை வீட்டாரைப் போலவே பிள்ளைகளைப் பெற்றவர்கள்.